வலியும் வழியும்

யாழ்ப்பாணத்தில் உடம்பில் எங்காவது நொந்தால் அதனை 'நோ' என்போம். 'வலி' என்ற சொல்லை வேறொன்றுக்கென ஒதுக்கி வைத்திருக்கிறோம். 'அவருக்கு வலி' என்று ஒருவரைப் பற்றிக் குரலைத் தாழ்த்திச் சொன்னால், அவர் எப்போதாவது நினைவிழந்து விழுந்து, கைகால் இழுத்து, வாயில் நுரை தள்ளக் கிடந்திருக்கிறார் என்பது பொருள். காக்கை வலிப்பு என்று நூல்கள் சொல்லும் நோய் இதுவே. பாக்கு நீரிணையைத் தாண்டியதும் இச்சொல் பொருள் மாறிவிடுகிறது என்பதை 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலேதான் நான் கண்டுகொண்டேன்.

திருச்சிராப்பள்ளியில் ஒரு விடுதி. அறைக்குத் தண்ணீர் கொண்டுவந்த இளைஞனிடம், "தம்பி, எனக்கு வலி வாறது. இரவிலே ஏதும் சத்தம் கேட்டால் கதவைத் திறந்து பாரும்" என்றேன். அவன் முகம் வாடியது. "எங்கே சார் வலிக்குது?" என்று பரிவோடு கேட்டுப் போனவன், ஐந்து நிமிடத்தில் ஒரு தைலப் புட்டியுடன் திரும்பி வந்தான். நான் சிரித்துவிட்டு விளக்கினேன். "காக்கா வலிப்பா சார்? அதுக்கென்ன, தாழ்ப்பாள் போடாம படுங்க. நான் ரெண்டு தடவை வந்து பாத்துக்கிறேன்" என்றான். அவ்வளவுதான். தைலப் புட்டியை அவன் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அது இப்போதும் என் மேசையில் இருக்கிறது.

அந்த இளைஞனிடம் நான் சொன்ன இரண்டு வாக்கியங்களைச் சொல்லப் பழகுவதற்கு எனக்கு இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன. நோயைப் பற்றியல்ல, அந்த இருபத்தைந்து ஆண்டுகளைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

நான் பிறந்தது 1956ஆம் ஆண்டில். அதே ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் யாழ்தேவி புகையிரதம் ஓடத் தொடங்கிற்று. எங்கள் பாட்டனார் என்னைக் காணும்போதெல்லாம், "இவன் யாழ்தேவிக்காரன், ஊர் ஊராய்த் திரியப் போறான்" என்பார். பதின்மூன்று வயதுவரை அந்த வாக்குக்குப் பழுது ஒன்றும் வரவில்லை. ஒருநாட் காலை புகையிலைத் தோட்டத்துக்கு நீர் இறைப்பு. மாமா துலா மிதிக்க, ஐயா பட்டை பிடிக்க, நான் வாய்க்காலில் நின்று தண்ணீர் மாறிக்கொண்டிருந்தேன். வெயில் ஒரு விதமாக மினுங்கிற்று. எங்கோ இரும்பு எரிவது போல ஒரு மணம் வந்தது. அதற்குமேல் எனக்கு நினைவில்லை. கண் திறந்தபோது திண்ணையிற் கிடந்தேன். வலக்கைக்குள் வீட்டுத் திறப்பை வைத்துச் சின்னம்மா பொத்திப் பிடித்திருந்தா. வாயில் இரத்தம். பற்கள் கிட்டியதைக் கண்டு யாரோ அகப்பைக் காம்பைச் செலுத்தி நெம்பியிருக்கிறார்கள். முன்பல் ஒன்று அன்று போயிற்று. அது வலியாற் போன பல் அன்று, அகப்பைக் காம்பாற் போனது.

அன்று மாலையே வீட்டில் ஒரு சட்டம் பிறந்தது. "வீட்டிலை ரண்டு குமர் இருக்கு. உது வெளியிலை போகப்படாது" என்றார் ஐயா. என் தமக்கைமார் இருவருக்கும் அப்போது கலியாணப் பேச்சுத் தொடங்கியிருந்தது. குடும்பத்தில் வலி என்று தெரிந்தால் வாசற்படி மிதிக்க ஆள் வராது. இது கொடுமையான சிந்தனைதான். ஆனால் ஐயாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊர் எப்படி நடக்கும் என்பதை அவர் சரியாகவே கணக்கிட்டிருந்தார்.

எங்கள் ஊர் மானிப்பாய். அமெரிக்காவிலிருந்து 1847ஆம் ஆண்டில் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் எங்கள் ஊரிலே இருந்துதான் தமிழில் மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். இரண வைத்தியம், வைத்தியாகரம் முதலிய பெரும் நூல்களைத் தமிழாக்கி வெளியிட்டார். நோய்களைத் தமிழிற் பெயர் சொல்லிப் பேச எங்கள் ஊரிலே நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நூல் இருந்தது. எங்கள் வீட்டில் வாய்தான் இருக்கவில்லை. அயலவர் கண்ணிற் படக்கூடாதென்று, கூப்பிடு தூரத்தில் வைத்தியசாலை இருக்க, ஐயா என்னை மைம்மல் பொழுதிற் சைக்கிளில் ஏற்றி யாழ்ப்பாணப் பட்டினத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த டாக்குத்தர் பினோபாபிற்றோன் குளிசை எழுதித் தந்தார். 1912ஆம் ஆண்டில் இந்நோய்க்குப் பயன்படத் தொடங்கிய மருந்து அது. மலிவானது, இன்றும் உலகின் ஏழை நாடுகள் பலவற்றில் இலட்சக்கணக்கானோர் அதனாலேயே நடமாடுகிறார்கள். குளிசைப் புட்டியின் மேலிருந்த கடுதாசியைக் கிழித்துவிட்டு, 'விற்றமின்' என்று அம்மாவிடம் சொல்லும்படி அயலவர்க்கான விடையும் தயாராயிற்று.

கிணற்றுக்கட்டில் தனியே குளிக்கக்கூடாது. துலாவில் ஏறக்கூடாது. கீரிமலைக் கேணியில் இறங்கக்கூடாது. சைக்கிள் கூடாது. பனை வடலிப் பக்கம் போனாலும் அம்மாவின் கண் பின்னால் வரும். இவற்றை ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் காரணம் சொல்லாமற் பொறுக்க வேண்டும் என்பதே கடினம். பள்ளிக்கூடத்தில் சாரணர் பாசறைக்கு அனுராதபுரம் போனார்கள், நான் போகவில்லை. "பயந்தவன்" என்று பெயர் வந்தது. அந்தப் பெயரைப் போக்க ஒரேயொரு சொல் போதும். அந்தச் சொல்லைத்தான் சொல்லக்கூடாது.

1976ஆம் ஆண்டு பேராதனை வளாகத்துக்கு அனுமதி கிடைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு தபால் வண்டி. பொல்காவலைச் சந்தியில் இறங்கிக் கண்டிக்கு மாறவேண்டும். இரவு முழுதும் நித்திரையில்லை. இரண்டு குளிசைகளை எல்லோர் முன்னும் எடுத்து விழுங்கக் கூச்சப்பட்டு, பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். நித்திரை கெடுவதும் மருந்து தவறுவதும் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதை எவரும் எனக்கு விளக்கியிருக்கவில்லை. விடியற்புறம் பொல்காவலை மேடையில் விழுந்தேன்.

கண் விழித்தபோது என் தலையின் கீழ் ஒரு துவாய் மடித்து வைக்கப்பட்டிருந்தது. என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, ஒரு முதிய சிங்களவர் பக்கத்தில் குந்தியிருந்தார். மேடையில் தேநீர் விற்பவர். கூடி நின்றவர்களை அவர் கையசைத்து விலக்கிக்கொண்டிருந்தார். என் வாயில் ஒன்றும் திணிக்கப்படவில்லை. கையிலே திறப்பு இல்லை. யாரிடம் கற்றாரோ தெரியாது, வைத்தியப் புத்தகம் சொல்வதை அப்படியே செய்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் அரைகுறை. அவர் தன் நெற்றியைத் தொட்டு ஏதோ கேட்டார். நான், காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, தலைசுற்று என்று சைகையாற் சொன்னேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றித் தந்தார், காசு வாங்கவில்லை. என் பொய்யை அவர் நம்பவில்லை என்பது அந்தப் பார்வையிலே தெரிந்தது. அவரிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்ற எண்ணம் இந்த வயதிலும் வருகிறது.

இந்நோய் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளையின் நரம்பணுக்கள் மின் அலையால் ஒன்றோடொன்று பேசுகின்றன. திடீரென ஒரு கூட்டம் அணுக்கள் அளவு மீறி, ஒரே தாளத்திற் கூவத் தொடங்கினால் அதுவே வலி. ஆங்கில வைத்தியர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் 1873ஆம் ஆண்டளவிலேயே இதனை ஏறத்தாழ இவ்வாறு வரையறுத்தார். ஜெர்மனியில் ஹான்ஸ் பேர்கர் 1924ஆம் ஆண்டில் மனித மூளையின் மின் அலையை முதன்முதற் பதிவு செய்தபின் அது கண்ணாற் காணும் பொருளாயிற்று. அதற்கும் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, கிரேக்க தேசத்து இப்போகிரற்றீசின் பெயரால் வழங்கும் நூலொன்று, தெய்வ நோய் என மக்கள் அஞ்சும் இந்நோய் மற்றை நோய்களிலும் தெய்வத்தன்மை கூடியதன்று, அதன் மூலம் மூளையே எனத் தெளிவாக எழுதி வைத்தது. அந்தச் செய்தி எங்கள் ஒழுங்கைக்கு வந்துசேர இன்னும் வழியிலே நிற்கிறது.

படிப்பு முடிந்து ஆங்கில ஆசிரியனானேன். கீழ் வகுப்புகளில் ஆந்தையும் பூனையும் படகேறிப் போன பாட்டைப் பல ஆண்டுகள் கற்பித்தேன். பிள்ளைகளுக்கு அது பெரும் குதூகலம். அதனைப் பாடிய எட்வேட் லியர் யார் என்பதை மிகப் பிந்தித்தான் அறிந்தேன். 1812இற் பிறந்து 1888இல் மறைந்த அவர் ஓவியர். விக்டோரியா மகாராணிக்கே படம் வரையக் கற்றுக்கொடுத்தவர். சிறு பராயந்தொட்டு அவருக்கு வலி. அதனைத் தம் உயிர் நண்பர்களுக்குங்கூடச் சொல்லாமலே எழுபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து முடித்தார். நாட்குறிப்பில் மட்டும், வலி வந்த நாட்களிற் சிறு சிலுவைக் குறிகள் இட்டு வைத்தார். வலி வருமுன் ஒரு முன்னறிவிப்புத் தோன்றுமாதலால், அது தோன்றியதும் ஏதாவது சாட்டுச் சொல்லித் தனியிடம் போய்விடுவார். விருந்துகளின் நடுவே எழுந்து போகும் விசித்திர மனிதர் என்று நண்பர்கள் நினைத்தார்கள்.

இந்த மனிதர் வீட்டில் ஒடுங்கிக் கிடந்தாரா என்றால் இல்லை. அல்பேனியா, கிரேக்கம், எகிப்து, பாலஸ்தீனம் என்று சுற்றினார். 1873இல் இந்தியாவுக்கு வந்தார். அறுபதைக் கடந்த வயது. இமயமலையைத் தீட்டினார். தெற்கே மாமல்லபுரம், காஞ்சிபுரம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி எல்லாம் வந்தார். 1874ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கும் வந்து போனார். எல்லாவிடத்தும் கூடவே வந்தவர் கொக்காலி என்ற கிரேக்கப் பணியாளர். இதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. முதலில் ஒரு பெருமிதம்: இந்த நோயோடு ஒருவர் உலகைச் சுற்றியிருக்கிறார்! பிறகு வேறொரு நினைவு: எத்தனை கடல், எத்தனை மலை, எத்தனை சத்திரம், ஒவ்வொன்றிலும் ஒரு சாட்டு. அந்தச் சுமை எவ்வளவென்று எனக்குத் தெரியும். சிலுவைக் குறி இடவில்லையே ஒழிய, நானும் என் நாட்காட்டியில் ஒரு மூலையைச் சிறிதாக மடித்து வைப்பவன்தான்.

என் கலியாணம் 1985இல். வீட்டார் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் ஓர் இரவு அவள் கண்டுவிட்டாள். தனியே என்னைப் பிடித்து, விடியுமட்டும் விளக்கேற்றி வைத்துக் காத்திருந்தாள். காலையிற் கேட்டது ஒரே கேள்வி: "முந்தியே சொல்லியிருந்தால் நான் மாட்டன் எண்டோ சொல்லியிருப்பன்?" அதற்கு என்னிடம் விடையில்லை. நோயை அவள் ஒரு நாளும் பெரிதுபடுத்தவில்லை. மறைத்ததைப் பல ஆண்டுகள் மறக்கவில்லை. இந்தியாவில் இந்து விவாகச் சட்டத்திலேயே இந்நோய் ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999ஆம் ஆண்டில் அதனை நீக்கினார்கள். சட்டத்திலிருந்து ஒரு சொல்லை எடுக்க அத்தனை காலம் சென்றிருக்கிறது. தரகர்களின் குறிப்புப் புத்தகத்திலிருந்து எப்போது எடுப்பார்களோ!

பின்னர் யுத்தம். 1990ஆம் ஆண்டு யாழ்தேவி வடக்கே வருவது நின்றது. மருந்துகள் அருமையாயின. 1994இன் தொடக்கத்தில் என் குளிசைகள் முடியும் தறுவாய்க்கு வந்தன. ஒன்றைப் பாதியாக்கி, பாதியைக் காலாக்கிச் சமாளித்தேன். இதை யாரும் செய்யற்க. மருந்தைத் திடீரெனக் குறைத்தால் வலி விடாமல் அடுக்கடுக்காக வந்து உயிரையே கொண்டுபோகும். எனக்கு உயிர் போகவில்லை, வகுப்பறையில் விழுந்தேன். பிள்ளைகள் வெருண்டு ஓடினார்கள். வகுப்பை மாற்றித் தரும்படி பெற்றோர் சிலர் கேட்டார்களாம். கொழும்புக்குப் போய் மருந்து கொண்டுவருவதென்று முடிவு செய்தேன்.

ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்த காலம். கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்திற் கடக்கவேண்டும். வள்ளங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, இயந்திரம் பூட்டிய வள்ளம் இழுத்துப் போகும். வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது. 1993 ஜனவரி 2ஆம் திகதி இரவு அதே நீரேரியிற் பயணம் செய்த பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டிருந்தார்கள். கரையில் நின்றபோது ஒரு நினைவு என் நெஞ்சை அறுத்தது. நித்திரையில்லாத இரவு, மருந்து கால்வாசி. நான் விழுந்து கைகால் அடித்தால் வள்ளம் சரியும். அதிலே கைக்குழந்தையோடு ஒரு தாய் இருக்கிறாள். இதுவரை நான் மறைத்ததெல்லாம் என்னோடு போயிற்று. இது அப்படியன்று.

ஓட்டியிடம் போனேன். இருபது வயது இருக்கும். "தம்பி, எனக்கு வலி வாறது. இண்டைக்கு வந்தாலும் வரலாம். நான் ஏறவோ, விடவோ?" என்றேன். தொண்டை வறண்டுவிட்டது. தந்தையாரும் தாயாரும் தமக்கைமாரும் நானும் கால் நூற்றாண்டாகக் காத்த இரகசியம்.

அவன் கயிற்றை முடிந்தபடியே, "ஏறுங்கோ மாஸ்டர். நடுவிலை, அடியிலை இருங்கோ" என்றான். பிறகு இரண்டு பேரைக் கூப்பிட்டு, "இவருக்கு வலி. ரண்டு பக்கமும் இருந்து பிடிச்சுக்கொள்ளுங்கோ. வந்தால் சரிச்சுப் படுக்க விடுங்கோ, வள்ளத்தை ஆட்டாதேங்கோ" என்றான். அவர்கள் தலையசைத்தார்கள். ஒருவர் அரிசி வியாபாரி. மற்றவர் வவுனியாவில் மகளைப் பார்க்கப் போகும் கிழவர். எதிர்க்கரை சேரும்வரை இருவரும் என் சட்டையின் இரண்டு தலைப்பையும் கையிற் சுற்றிப் பிடித்தபடியே இருந்தார்கள். அன்று வலி வரவில்லை. கரையிறங்கியபோது சட்டை இரு பக்கமும் கசங்கிப் போயிருந்தது. கிழவர் அதனைத் தடவி நேராக்கிவிட்டு, "போட்டு வாங்கோ" என்றார்.

திரும்பி வருகையில் ஒரு சோதனைச் சாவடியில் மூன்று மாதத்துக் குளிசைகளை மேசையிற் கொட்டி எண்ணினார்கள். யாருக்கு இத்தனை என்று கேட்டார்கள். "எனக்குத்தான். காக்கை வலிப்பு" என்றேன், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படியாக. டாக்குத்தரின் கடிதத்தை வாசித்துவிட்டு விட்டார்கள். 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, அந்தப் புட்டி என் மடியில் இருந்தது. நாவற்குழிப் பாலத்தில் ஒரு அடிக்கும் மறு அடிக்கும் இடையே நெடுநேரம் நிற்கவேண்டியிருந்தது. முன்னால் நின்றவருக்கும் பின்னால் நின்றவருக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

பிரயாணம் பற்றி அனுபவத்தில் அறிந்த சிலவற்றைச் சொல்லலாம். மருந்தைப் பெட்டிக்குள் வைத்து வண்டியின் மேற்தட்டிற் போடக்கூடாது, உடம்போடு இருக்கவேண்டும். வேறொரு பையிலும் இரண்டு நாளைக்குரியது இருக்கவேண்டும். தேசம் விட்டுத் தேசம் போவோர் வைத்தியரின் கடிதத்தைக் கட்டாயம் வைத்திருக்கவேண்டும். பினோபாபிற்றோன் 1971ஆம் ஆண்டு உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்துகளுள் ஒன்று. இரவுப் பயணத்தைக் கூடியமட்டும் தவிர்ப்பது நன்று. முடியாவிட்டால் முதல்நாட் பகலில் நித்திரை செய்துவிடவேண்டும். கடலில் வாந்தி எடுப்பவர் குளிசையையும் சேர்த்து எடுத்துவிடக்கூடும். கதவோரமும் படியோரமும் நமக்கு ஆகா. எல்லாவற்றிலும் பெரிய காவல், பக்கத்து இருக்கைக்காரருக்கு ஒரு வார்த்தை. அவர் எழுந்து வேறிடம் போய்விடுவாரோ என்று அஞ்சுவோம். என் கணக்கில் இதுவரை மூன்று பேர் போயிருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

இந்தப் பக்கத்தை வாசிக்கும் ஆசிரியர்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை விழுந்தால் மணிக்கூட்டைப் பாருங்கள். சுற்றியுள்ள வாங்கு மேசைகளை விலக்குங்கள். தலையின் கீழ் மெத்தென்று ஏதாவது வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்திப் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கைகாலை அமத்திப் பிடிக்க வேண்டாம். திறப்பு வேண்டாம். கரண்டி வேண்டாம், நாக்கை விழுங்கிவிடுவான் என்பது வெறுங்கதை. முழு நினைவு வருமுன் தண்ணீர் பருக்க வேண்டாம். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு வருமுன் மறுபடி தொடங்கினாலோ வைத்தியசாலைக்கு ஓடுங்கள். அடுத்த நாள் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரும்போது அதற்கு முன்னைய இடத்திலேயே இருக்கை கொடுங்கள்.

உலகத்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்றும், முறையாக மருந்து கிடைத்தால் அவர்களுள் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலியின்றி வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எங்கள் நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளிற் கிளினிக் கொப்பியைக் காட்டி மருந்தை இலவசமாகப் பெறலாம். 2014இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் புகையிரதம் வந்தபோது, என் கொப்பி ஏழாவது கொப்பி. வலி கண்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. யாழ்தேவியில் ஏறிக் கொழும்புக்குப் போனேன். பொல்காவலையில் வண்டி நின்றபோது இறங்கி மேடையைப் பார்த்தேன். தேநீர் விற்பவர் ஒரு சிறு பையன்.

திருச்சிராப்பள்ளிக்கு ஏன் போனேன் என்பதை இன்னும் சொல்லவில்லை. திருவாசி என இன்று வழங்கும் திருப்பாச்சிலாச்சிராமம் அங்கிருந்து சிறு தூரம். காவிரியின் வடகரைத் தலம். கொல்லி மழவனின் மகளை முயலகன் என்னும் நோய் பற்றியிருந்ததையும், திருஞானசம்பந்தர் பதிகம் பாட அந்நோய் நீங்கியதையும் பெரியபுராணம் கூறும். முயலகன் என்றது வலிப்பையே. வடமொழியார் அபஸ்மாரம் என்பர். நினைவு நீங்குதல் என்பது சொற்பொருள். நடராசப் பெருமானின் ஊன்றிய திருவடியின் கீழ்க் கிடக்கும் குறளுருவம் அவனே. சிறுவயதில் நல்லூரிலும் வண்ணார்பண்ணையிலும் அந்த வடிவத்தைக் கும்பிடும்போதெல்லாம், நான் கீழே கிடப்பவனைத்தான் பார்ப்பேன். பெருமான் அவனைக் கொல்லவில்லை என்பது பிற்காலத்திலேதான் மனத்திற் பட்டது. கால் எடுத்தால் எழுந்துவிடுவான். என் குளிசையும் அவ்வளவே செய்கிறது; ஒரு நாள் தவறினால் அவன் தலை தூக்குவான்.

திருவாசியில் அந்த முயலகன் இல்லை. அத்தலத்து நடராசர் பாம்பின்மேல் நின்று ஆடுகிறார். இதைக் காண்பதற்கென்றே நாகபட்டினத்துக்குக் கப்பலேறினேன். காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரிற் கப்பல் ஓடத் தொடங்கி, நின்று, 2024 ஆகத்தில் மறுபடி ஓடியது. ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம்; யுத்தகாலத்தில் கிளாலியைக் கடந்து கொழும்பு சேர எடுத்த நேரத்தை எண்ணினால் அது ஒரு பயணமே அன்று.

கோயிலில் ஆள் நடமாட்டம் குறைவு. வன்னிமர நிழலில் நெடுநேரம் இருந்தேன். புராணத்தில் என்னை இழுத்தது அற்புதமன்று. கொல்லி மழவன் ஓர் அரசன். அரண்மனையில் எத்தனையோ அறைகள் இருந்திருக்கும். வைத்தியம் எல்லாம் பலிக்காதபோது அவன் மகளை உள்ளறையில் வைத்துப் பூட்டவில்லை. கோயிலிலே, வருவோர் போவோர் காணக் கொண்டுவந்து கிடத்தினான். சம்பந்தர் கண்டு கேட்டபோது, இன்ன நோய் என்று வாய்திறந்து சொன்னான். அவன் வீட்டிலும் குமர் இருந்தது, நோயாளியே குமர். எங்கள் ஐயா புராணபடனத்தை ஆண்டுதோறும் தவறாது கேட்டவர். இந்த இடத்தை அவர் எப்படிக் கேட்டிருப்பார் என்று யோசித்தேன்.

திரும்பும் கப்பலில் என் பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா. அறுபது வயதிருக்கும், வடமராட்சிப் பக்கம். வழக்கம்போல் அவவிடமும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போனா. நான்காவது ஆள் என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டேன். கடல் அன்று அமைதி. அரை மணி நேரத்தின் பின் திரும்பி வந்து, முன்னால் யாரும் கேட்கிறார்களோ என்று பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டா:

"அண்ணை, நீங்கள் படிப்பிச்சனீங்களோ?"

"முப்பத்தைஞ்சு வருசம்."

"இதோடையோ?"

"இதோடைதான்."

சிறிது நேரம் கடலைப் பார்த்தா. "என்ரை பேத்திக்கும் இருக்கு. பத்து வயசு. ஊரிலை ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப ஒரு வருசமாய்ப் பள்ளிக்கூடமும் விடுறேல்லை. நாகபட்டினத்துக்கு நான் போனதும் அவளின்ரை நேர்த்திக்குத்தான்."

மருந்து எடுக்கிறாளா என்று கேட்டேன். இடைக்கிடை என்றா. அந்த 'இடைக்கிடை' என்ற சொல் எனக்குத் துணுக்கென்றது. ஒரு நாளும் விடக்கூடாது, பள்ளிக்கூடமும் நிற்கக்கூடாது என்று சொல்லி, யாழ்ப்பாணத்தில் எந்தக் கிளினிக், எந்த நாள், எத்தனை மணிக்குப் போனால் வரிசை குறைவு என்பதையெல்லாம் என் பயணச்சீட்டின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தேன். அவ அதனை நான்காக மடித்து, காசுப்பையில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தா.

காங்கேசன்துறை வெளிச்சவீடு தெரிந்தது. எல்லோரும் பைகளை எடுத்தார்கள். அம்மா என் கையைத் தொட்டு, "மருமோன் கூட்டிப்போக வந்து நிப்பார். நான் வெளியாலை சொன்னது தெரிஞ்சால் பேசுவார். அவருக்கு முன்னாலை உதைப் பற்றிக் கதைக்காதேங்கோ, அண்ணை" என்றா.

சரி என்றேன். நாகபட்டினத்துச் சேலை விலையைப் பற்றிக் கதைத்தபடியே இருவரும் படியிறங்கினோம்.